விதி என்றால் தப்பு யார் மேல்? ஒரு தாய் கேட்ட மூன்று கேள்விகள்

ஓம் சரவணபவ.



துக்கம் விசாரிக்கப் போகிற வீட்டில் என்ன பேசுவது என்று நம்மில் பல பேருக்குத் தெரியாது. அதனால் எல்லாரும் சொல்கிற வார்த்தையையே நாமும் சொல்லிவிட்டு வந்துவிடுவோம். "என்ன பண்றது, அவன் விதி அவ்வளவுதான்." சொல்கிறவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அந்த நேரத்துக்கு வாயில் வருவது அதுதான்.

எங்கள் பக்கத்தில் கிருத்திகை தவறாமல் கோவிலுக்கு வரும் ஒரு அம்மா இருக்கிறார். 18 வயது மகன், காலேஜில் சேர்ந்த முதல் வருஷம். குடித்துவிட்டுக் கார் ஓட்டி வந்த ஒருவன் மோதி, பையன் அந்த இடத்திலேயே போய்விட்டான். பதினாறாம் நாள் காரியத்தில் உறவுக்காரர் ஒருவர் மேலே சொன்ன அதே வார்த்தையைச் சொன்னார். அந்த அம்மா அழுகையை நிறுத்திவிட்டு நேராகக் கேட்டார்:

"விதின்னு சொல்றீங்களே அண்ணே, அப்போ குடிச்சிட்டு ஓட்டினவன் மேல தப்பே இல்லையா? என் புள்ளை இந்த வயசுக்குள்ள என்ன பாவம் பண்ணிட்டான்? இப்ப அவன் எங்க இருக்கான், அதையாவது யாராவது சொல்லுங்களேன்."

யாரும் வாயைத் திறக்கவில்லை. இந்த மூன்றும் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உரிய கேள்விகள் இல்லை. மனுஷனுக்குச் சுதந்திரம் உண்டா, கடவுளிடம் நியாயம் உண்டா, செத்த பிறகு என்ன ஆகும் என்று உலகத்தில் எல்லா ஊர்க்காரர்களும் கேட்டதுதான். நம் பெரியவர்கள் என்ன சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று அடியேனுக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையாகப் படியுங்கள்.

முதல் கேள்வி: தப்பு யார் மேல்?

சைவத்தில் வினையை மூன்றாகப் பிரித்துச் சொல்வார்கள். சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு விவசாயி வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். குதிரில் பழைய நெல் கிடக்கிறது, அது சஞ்சிதம். அதிலிருந்து இன்றைக்கு எடுத்துக் குத்தி உலையில் போட்டாச்சு, அது பிராரத்தம். அதைச் சாப்பிட்டுத்தான் ஆகணும். சாப்பிட்டுவிட்டு வயலுக்குப் போய் இன்றைக்குப் புதிதாக விதைக்கிறான், அது ஆகாமியம்.

"எல்லாம் விதி" என்று சொல்கிறவர்கள் உலையில் கிடக்கிற அரிசியை மட்டும்தான் பார்க்கிறார்கள். வயலை மறந்துவிடுகிறார்கள். இன்றைக்கு என்ன விதைப்பது என்பது விவசாயியின் கையில் இருக்கிறது. அது இல்லை என்றால் வினை என்ற கணக்கே ஆரம்பமாகி இருக்காது. முதல் விதையை யாரோ போட்டால்தானே விளைச்சல்? விதியை நம்புகிறவன் சுதந்திரத்தையும் சேர்த்துத்தான் நம்பியாக வேண்டும்.

திருவள்ளுவரையும் பாருங்கள். 38-ஆவது அதிகாரமாக ஊழ் என்று வைத்து, அதை மிஞ்சிய பலம் இல்லை என்கிற மாதிரி எழுதினார். அதே கையால் 62-ஆவது அதிகாரமாக ஆள்வினையுடைமை என்று வைத்து, சோர்வு இல்லாமல் முயற்சி செய்கிறவன் ஊழையே தோற்கடிப்பான் என்றும் எழுதினார். ஒன்றை எழுதும்போது இன்னொன்றை மறந்துவிடவில்லை. இரண்டும் உண்மை என்பதால் இரண்டையும் வைத்தார்.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். பையன் போனது அவன் வினைப்பயன் என்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அதனால் கார் ஓட்டியவன் வெறும் கருவி ஆகிவிடுவானா?

கந்தபுராணத்தில் இதற்கு நேரான பதில் இருக்கிறது. காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியார் அரங்கேற்றிய நூல் அது. தேவர்கள் சூரபன்மனிடம் எத்தனை பாடு பட்டார்கள் என்று நமக்குத் தெரியும். இந்திரன் ஒளிந்து திரிந்தான். அவன் மகன் சயந்தன் சிறையில் கிடந்தான். 108 யுகம், 1008 அண்டம் என்று வரம் வாங்கியவனின் ஆட்சி. தேவர்களுக்கு ஏன் இந்தக் கதி? சிவபெருமானை அழைக்காமல் தக்கன் செய்த யாகத்தில் போய் உட்கார்ந்து அவிர்பாகம் வாங்கினார்களே, அந்தக் குற்றத்தின் பலன் என்கிறது அதே நூல். ஆக, தேவர்கள் பட்டது அவர்கள் செய்த வினைதான்.

சரி, அப்படியானால் சூரன் என்ன? தேவர்களின் வினைப்பயனை அவர்களுக்குக் கொண்டு வந்து கொடுத்த தபால்காரனா? முருகப்பெருமான் அவனிடம், "நீ உன் வேலையைத்தானப்பா செய்தாய்" என்று சொன்னாரா? இல்லையே. வீரபாகுவைத் தூது அனுப்பி, சிறையிலிருப்பவர்களை விட்டுவிடு என்றார். கேட்காததால் படை நடத்தினார். அதே மாதிரி தேவர்களிடமும், "உங்க பாவம், நீங்களே அனுபவிங்க" என்று சொல்லிவிட்டு உட்காரவில்லை.

மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். தேவர்களின் வினை உண்மை. சூரனின் குற்றம் உண்மை. முருகனின் மீட்பும் உண்மை. ஒன்றைக் காட்டி இன்னொன்றை அழிக்க முடியாது. அடிபட்டவனுடைய கணக்கு அடித்தவனுடைய கணக்கில் கழியாது.

சிலப்பதிகாரத்திலும் இதே நியாயம்தான். கோவலன் முற்பிறவியில் பரதன் என்ற பெயரில் பிறந்து, சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று சொல்லிக் கொலைப்படுத்தினான், அந்த வினைதான் இப்போது வந்தது என்று மதுராபதி தெய்வம் கண்ணகியிடம் சொல்கிறது. அதைக் காரணம் காட்டி இளங்கோவடிகள் பாண்டியனை விட்டுவிட்டாரா? விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்ன அரசன், தவறு தன்னுடையது என்று உணர்ந்து அரியணையிலேயே உயிரை விடுகிறான். கோவலனுக்கு ஊழ் இருந்தது. பாண்டியனுக்குக் குற்றம் இருந்தது. அப்புறம் அந்தக் கண்ணகி நடந்து போய் நின்ற இடம் எது தெரியுமா? நெடுவேள் குன்றம், நம்ம முருகனின் மலை. அங்கே வேங்கை மர நிழலில் நின்றவளைக் குறவர்கள் தெய்வமாகக் கும்பிட்டார்கள். நியாயம் கேட்டு நின்ற ஒரு பெண்ணுக்கு முருகன் மலை நிழல் கொடுத்தது என்று அடியேன் நினைத்துக்கொள்வேன்.

ஆகவே குடித்துவிட்டு ஓட்டியவன் மேல் தப்பு உண்டு. முழுசாக உண்டு. பையனின் ஆயுள் முடியணும் என்று இருந்தாலும், அதற்காக இவன் குடிக்கணும் என்று கடவுள் யாரிடமும் கேட்கவில்லை. "போதையில் இருந்தான், கை கால் அவன் கட்டுப்பாட்டில் இல்லை" என்று சில பேர் பரிந்து பேசுவார்கள். வளைவில் திரும்பும்போது கட்டுப்பாடு இல்லாமல் இருந்திருக்கலாம். முதல் கிளாஸை எடுக்கும்போது இருந்தது. கார் சாவியை எடுக்கும்போது, "நான் ஓட்டிட்டு வரேன்டா" என்று கூட இருந்தவன் கேட்டிருந்தால் அப்போதும் கொஞ்சம் இருந்திருக்கும். சுதந்திரம் ஒரேயடியாகப் போவதில்லை. நாமே ஒவ்வொரு படியாகக் கொடுத்துவிடுகிறோம்.

சூரனும் அப்படித்தான் போனான். அவனுக்கு எத்தனை கதவு திறந்தது பாருங்கள். கூடப் பிறந்த தம்பி சிங்கமுகன், தேவர்களை விட்டுவிடு அண்ணா என்று புத்தி சொன்னான். கேட்கவில்லை. வீரபாகு தூது வந்தார். கேட்கவில்லை. போர்க்களத்தில் முருகன் பெருவடிவம் காட்டினார். அந்த ஒரு கணம் அவன் மனசு இளகியது, கும்பிடலாமா என்றுகூடத் தோன்றியது. சுவாமி பழைய வடிவத்தில் நின்றதும் இவனுக்கும் பழைய கோபம் திரும்பியது. கும்பிடுவதும் எதிர்ப்பதும் அவனிடம்தான் விடப்பட்டது என்று அடியேன் அதைப் புரிந்துகொள்கிறேன். ஒரே காசிபர், ஒரே மாயை பெற்ற பிள்ளைகளில் ஒருவனுக்கு நியாயம் தெரிகிறது, ஒருவன் காதிலேயே வாங்கவில்லை. பிறப்புதான் எல்லாம் என்றால் இந்த வித்தியாசம் எப்படி வந்தது?

இங்கே ஒரு நடைமுறை விஷயமும் சொல்லணும். பக்தர்களில் சில பேர், "கேஸ் எதுக்கு, முருகன் பார்த்துப்பான்" என்று சொல்லி அந்தக் குடும்பத்தைப் பின்வாங்க வைக்கப் பார்த்தார்கள். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்களே, அந்தப் பழமொழியை முழுசாகக் கவனியுங்கள். அரசன் செய்ய வேண்டியது முதலில் வருகிறது. தெய்வம் இருக்கிறது என்பதற்காக அரசன் வேலையை விட்டுவிடலாம் என்று அது சொல்லவில்லை. இன்றைக்கு அரசன் இடத்தில் சட்டம் இருக்கிறது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்க வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவில் குற்றம். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. கவனக்குறைவால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவில் ஐந்து வருஷம் வரை தண்டனை உண்டு. இழப்பீடு கேட்கத் தனித் தீர்ப்பாயம் இருக்கிறது. இந்தப் படிகளை ஏறுவது விதியை எதிர்ப்பது ஆகாது, பக்திக் குறைவும் ஆகாது. நாளைக்கு இன்னொரு வீட்டுப் பிள்ளை ரோட்டில் பத்திரமாகப் போக வேண்டும் என்றால் யாராவது ஏறித்தான் ஆகணும். சிறையிலிருந்தவர்களை மீட்கப் படை நடத்திய சுவாமியின் அடியார்கள் நாம்.

இரண்டாவது கேள்வி: என் பிள்ளை என்ன பாவம் பண்ணினான்?

இதற்குப் பதில் சொல்லும் தகுதி நமக்கு யாருக்கும் கிடையாது. இது பணிவுக்காகச் சொல்வது இல்லை. சாஸ்திரமே அப்படித்தான் வைத்திருக்கிறது.

கோவலனின் பழைய வினையைச் சொன்னது யார்? மதுரை நகரத்தின் தெய்வம். பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. கந்தபுராணத்துக்கு ஆறு காண்டங்கள்: உற்பத்தி, அசுர, மகேந்திர, யுத்த, தேவ, தக்க காண்டம். தேவர்களுக்கு ஏன் அந்தத் துன்பம் வந்தது என்ற தக்கன் கதை விரிவாக வருவது கடைசிக் காண்டத்தில். அதற்கு முன்னாலேயே சூரசம்ஹாரம் முடிந்துவிட்டது, சிறை திறந்துவிட்டது, தெய்வயானை திருக்கல்யாணமும் ஆகிவிட்டது. முதலில் மீட்பு, அப்புறம்தான் காரணம். நூலின் இந்த வரிசையே நமக்கு ஒரு பாடம். தண்ணீரில் விழுந்தவனைத் தூக்கிக் கரையில் போடு. எப்படி விழுந்தான் என்று அப்புறம் பேசலாம்.

நாம் செய்வது தலைகீழ். மூளை வளர்ச்சி குறைந்த குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாயிடம் "போன ஜென்ம கணக்கும்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். குழந்தை இல்லாத பெண்ணிடம் சொல்கிறோம். வேலை போனவனிடம் சொல்கிறோம். ஒரு கை உதவியும் செய்யாமல், காரணத்தை மட்டும் இலவசமாகக் கொடுக்கிறோம். பல்லக்கில் போகிறவனையும் அதைத் தூக்குகிறவனையும் காட்டி வள்ளுவர் எழுதிய குறளுக்கே உரைக்காரர்கள் ஒரே மாதிரி பொருள் சொல்லவில்லை. அதை வைத்துக்கொண்டு பல்லக்கில் உட்கார்ந்திருப்பவன் கீழே தூக்குகிறவனைப் பார்த்து "உன் வினை" என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்? தன் தோளில் வலி இல்லாதவனுக்கு அந்த வார்த்தை ரொம்ப வசதி.

வினைக்கொள்கை என் முகத்தை நான் பார்த்துக்கொள்ளத் தந்த கண்ணாடி. எனக்கு ஒரு கஷ்டம் வந்தால், "நான் எங்கேயோ விதைத்தது, தாங்கிக்கொள்கிறேன்" என்று நான் எனக்குச் சொல்லிக்கொள்ளலாம். அதில் தைரியம் வரும், அடுத்தவர் மேல் வெறுப்பும் குறையும். அதே வாக்கியத்தை அடுத்தவர் கஷ்டத்தைப் பார்த்துச் சொன்னால் கல்நெஞ்சம் ஆகிவிடும். வார்த்தை ஒன்றுதான், ஆனால் யார் யாருக்குச் சொல்கிறார் என்பதில் மருந்து விஷமாகிவிடுகிறது.

படித்த பிள்ளைகள் இன்னொரு கேள்வி கேட்கிறார்கள். அதையும் மறைக்காமல் சொல்லணும். சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார், பெற்றவர்கள் சொல் கேட்காத பிள்ளையை அடிப்பதும் அன்பினால்தான், இறைவன் தரும் தண்டனையும் அப்படியே என்று விளக்கியிருக்கிறார். "சரி அங்கிள், ஆனா அப்பா அடிச்சா எதுக்கு அடிச்சார்னு எனக்குத் தெரியும். போன ஜென்மத்துல நான் பண்ணது எனக்கு ஞாபகமே இல்லையே, ஞாபகம் இல்லாத தப்புக்கு அடி வாங்கினா நான் எப்படித் திருந்துவேன்?" என்கிறார்கள்.

நல்ல கேள்வி. சித்தாந்தம் தரும் விளக்கத்தை நம்ம பாஷையில் சொன்னால் இப்படி வரும். நாம் எல்லாரும் தமிழ் பேசுகிறோம். எந்த நாளில், யார் மடியில் எந்த வார்த்தையைக் கற்றோம் என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? கற்ற நாள் மறந்துபோச்சு, கற்றது நிற்கிறது. அது மாதிரி பிறவிகளில் நடந்தது நினைவில் இல்லாவிட்டாலும் அதில் ஆன்மாவுக்கு ஏறிய பக்குவம் நிற்கிறது. சில குழந்தைகள் பிறந்ததிலிருந்தே அடுத்தவர் அழுதால் தானும் அழும். யார் சொல்லிக் கொடுத்தது?

ஆனால் ஒன்று ஒத்துக்கொள்ளணும். இந்த விளக்கம் அறிவுக்குப் பிடிபடும், பெற்ற வயிற்றுக்கு ஆறுதல் தராது. தர வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதும் தப்பு. காரணம் தெரிந்தால் வலி போய்விடுமா? எலும்பு எப்படி முறிந்தது என்று டாக்டர் எக்ஸ்ரே காட்டி விளக்குவார். அதனால் வலி குறையாது. கட்டுப்போட்டால்தான் குறையும்.

மூன்றாவது கேள்வி: இப்போது எங்கே இருக்கிறான்?

சைவம் சொல்வது இது. உடம்பு மாயையிலிருந்து வந்தது, அதிலேயே போய்ச் சேர்ந்தது. உயிர் அழியவில்லை. அது தன் வினைக்கு ஏற்ற நுண்ணுடம்போடு போகிறது. சொர்க்கம், நரகம் இரண்டும் உண்டு, ஆனால் இரண்டுமே நிரந்தர வீடு இல்லை. கணக்குத் தீரும்வரை தங்கும் சத்திரம் மாதிரி. அப்புறம் மறுபடி ஒரு பிறவி, மறுபடி ஒரு வாய்ப்பு. கடைசியில் இறைவன் திருவடி. போகும் வழி நீளமாக இருக்கலாம். பாதியிலேயே கைவிடப்பட்ட உயிர் என்று ஒன்று கிடையாது.

அந்தப் பையன் 18 வயதில் ஒரு பக்கத்தை முடித்துவிட்டான். அதோடு அவன் புத்தகமே முடிந்தது என்றால்தான் பெரிய அநியாயம். புத்தகம் முடியவில்லை என்பதுதான் நம் சமயம் தரும் உறுதி. மறுபிறவிக் கொள்கையைப் பின்னால் திரும்பிப் பார்த்து "என்ன பாவம் பண்ணினான்" என்று தோண்டவே பயன்படுத்துகிறோம். அது நமக்குத் தந்த நல்ல செய்தி முன்னால் இருக்கிறது.

அப்படியானால் தப்பு செய்தவர்களுக்கு? அவர்களுக்கு என்றைக்கும் அணையாத நரகம் வேண்டாமா என்று கோபம் வரும். நியாயமான கோபம். இதற்கும் பதில் திருச்செந்தூர்க் கடற்கரையில் இருக்கிறது. ஐப்பசி மாதம் சஷ்டி அன்று வருஷா வருஷம் லட்சக்கணக்கான பேர் நின்று பார்க்கிறோமே. யானைமுகம் விழுகிறது, சிங்கமுகம் விழுகிறது, கடைசியில் சூரன் மாமரமாக நிற்கிறான், வேல் போகிறது, மரம் இரண்டாகிறது. அதில் ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். வாகனமாகவும் கொடியாகவும் சுவாமி வைத்துக்கொண்டார்.

சிறையில் கிடந்த தேவர்கள் இதைப் பார்த்தபோது என்ன நினைத்திருப்பார்கள் என்று அடியேன் யோசித்ததுண்டு. நம்மை வதைத்தவன் இப்போது சுவாமியின் கொடியில் இருக்கிறானே என்று இருந்திருக்காதா? ஆனால் கவனியுங்கள். சூரனைச் சும்மா விடவில்லை. வேல் பாய்ந்தது. ஆணவம் இரண்டாகப் பிளந்தது. தேவர்களுக்குச் செய்ததை இனி ஒருக்காலும் அவனால் செய்ய முடியாது. தண்டனை நடந்தது, ஆனால் தண்டனையோடு கதை நிற்கவில்லை. அவன் பிள்ளைக்குப் பானுகோபன் என்று பெயர். குழந்தையாக இருக்கும்போதே சூரியன் மேல் கோபித்துச் சூரியனையே பிடித்துச் சிறை வைத்தவன். அந்தக் குலத்தின் தலைவன் இன்றைக்குச் சேவலாக நின்று, சூரியன் வருகிறான் என்று தினமும் உலகத்துக்குக் கூவிச் சொல்கிறான். தடுத்தவன் வாயாலேயே வரவேற்பு. இதைவிடப் பெரிய நியாயம் என்ன வேண்டும்?

பழனியில் படி ஏறும்போது வழியில் இடும்பன் சன்னதி வருமே, அதுவும் இதே கதைதான். சூரன் கூட்டத்தைச் சேர்ந்தவன். இரண்டு மலைகளைக் காவடியாகத் தூக்கி வந்தவன், சுவாமியோடு சண்டை போட்டு உயிரை விட்டான். அவன் மனைவி அழுது கேட்டதும் எழுப்பி வாசலில் காவலாக வைத்தார். எதிர்த்து நின்றவனைக் கும்பிட்டுவிட்டுத்தான் நாம் மேலே ஏறுகிறோம்.

அதனால் குற்றவாளிக்கு என்ன ஆகணும் என்று கேட்டால், முருகன் வழியில் பதில் இரண்டு பாகமாக வரும். வேல் படணும், அதாவது செய்ததற்கு அவன் பதில் சொல்லியே தீரணும். அப்புறம் அவனுக்குள் இருக்கும் சூரன் அழிந்து வேறு ஒருவனாக மாறணும். முதல் பாகத்தை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் பேசுவது அந்தத் தாய்க்குச் செய்யும் துரோகம். "மன்னிச்சிடும்மா, மனசு லேசாயிடும்" என்று பதினாறாம் நாள் போய் உபதேசம் செய்ய நாம் யார்? மன்னிப்பது அவர் உரிமை. அது எப்போது வரும் என்பதும், வருமா என்பதும் அவருக்கும் சுவாமிக்கும் இடையில் உள்ள விஷயம்.

கடைசியாக ஒரு சந்தேகம். விதி, வினை, நியாயம் எல்லாம் கணக்காக நடக்கிறது என்றால் முருகனைக் கும்பிட்டு என்ன ஆகப்போகிறது?

தலையெழுத்தை எழுதுகிற பிரம்மாவையே பிரணவத்துக்குப் பொருள் சொல்லத் தெரியவில்லை என்று குட்டிச் சிறையில் போட்டவர் நம்ம சுவாமி. அருணகிரிநாதர் கந்தர் அலங்காரத்தில், முருகன் திருவடி பட்டு என் தலையில் பிரம்மா எழுதியது அழிந்துபோயிற்று என்று பாடியிருக்கிறார். திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து கீழே குதித்தவரை சுவாமி கையில் தாங்கினார் என்பது அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படுவது. போன காலத்தில் செய்ததை அவர் இல்லை என்று சொல்லவில்லை. இனிமேல் அது தன்னை ஆளாது என்கிறார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று நாம் சொல்வோமே, அருள் சில சமயம் அப்படி வேலை செய்யும். சில சமயம் வர வேண்டியது வந்தே தீரும், தாங்கும் தெம்பை மட்டும் கொடுக்கும். எப்போது எது என்பது நம் கையில் இல்லை.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களுக்கு இது தெரியும். ரோடு நாம் போட்டது இல்லை. வெயில் நாம் கேட்டது இல்லை. காலில் கொப்புளம் வந்தே தீரும். ஆனால் திட்டிக்கொண்டு நடப்பதா, அரோகரா சொல்லிக்கொண்டு நடப்பதா என்பது நம் பாடு. கூட வருகிறவர் மயங்கி உட்கார்ந்தால் தாண்டிப் போவதா, நின்று தண்ணீர் கொடுப்பதா என்பதும் நம் பாடு. மனுஷனுக்குக் கொடுக்கப்பட்ட சுதந்திரம் அவ்வளவுதான். சின்னதாகத் தெரியும். ஆனால் சூரன் சூரனாக ஆனதும், சிங்கமுகன் வாயில் ஒரு நல்ல வார்த்தை வந்ததும் அந்தச் சின்ன இடத்தில்தான்.

ஆகவே அன்பர்களே, இனி துக்க வீட்டுக்குப் போனால் ஒரு விஷயத்தை மட்டும் பழகிக்கொள்வோம். "விதி" என்ற வார்த்தையை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு உள்ளே போவோம். பக்கத்தில் உட்காருவோம். சாப்பிட்டார்களா என்று கேட்போம். ஆஸ்பத்திரிக்கோ, ஸ்டேஷனுக்கோ, வக்கீலிடமோ போக ஆள் வேண்டும் என்றால் நாம் வருகிறோம் என்போம். போனவருக்கு ஒரு மோட்ச தீபம் ஏற்றி, "முருகா, உன் கையில் விட்டிருக்கோம், பார்த்துக்கோ" என்று மனசுக்குள் சொல்வோம். தெய்வத்துக்கு உரிய வேலையைத் தெய்வம் பார்க்கட்டும். நமக்கு உரியதை நாம் பார்ப்போம்.

படித்து மனசுக்குச் சரி என்று பட்டால் மட்டும் வேண்டியவர்களுக்கு அனுப்புங்கள்.

வேலும் மயிலும் சேவலும் துணை.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.